கட்டை மாத்தியாச்சா?

தொண்ணூறுகளின் கடைசியில் மதுரையில் கல்யாண வீடியோ எடுத்தவர்கள் ஒலியைப் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் கேட்டால் போதும். மற்ற இடங்களிலெல்லாம் சினிமாப் பாட்டு ஓடும்: பெண் அழைப்புக்கு ஒன்று, நலங்குக்கு ஒன்று, பந்திக்கு ஒன்று. தோளில் தூக்கிய விஹெச்எஸ் கேமராவின் மைக் எதைப் பிடித்திருந்தாலும் அது பாட்டுக்கு அடியில் புதைந்துவிடும். நான் தொழில் கற்றுக்கொண்ட ஸ்டூடியோவின் அண்ணன் மட்டும் இதற்கு ஒத்துக்கொள்ளமாட்டார்.

“பாட்டு கேசட்டுக் கடையில கிடைக்கும் தம்பி. அந்தப் பொண்ணோட தாத்தா குரல் எந்தக் கடையில கிடைக்கும்?” என்பார்.

முகூர்த்தம் முடிந்து கூட்டம் பந்திக்கு நகர்ந்ததும் மண்டபத்தில் ஓர் அறையைக் கேட்டு வாங்குவார். கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, இரு வீட்டுப் பெரியவர்களையும் ஒருவர் பின் ஒருவராக நாற்காலியில் உட்காரவைப்பார். சட்டையில் காலர் மைக்கைக் குத்துவது என் வேலை. பையில் டிரான்ஸ்மிட்டர், கேமராவின் முதுகில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய ரிசீவர். அந்தச் செட்டுக்கு எங்களிடம் ‘கார்ட்லெஸ்’ என்று பெயர். “நாலு வார்த்தை ஆசீர்வாதமாச் சொல்லுங்கய்யா” என்று அண்ணன் ஆரம்பித்துவைப்பார். நாலு வார்த்தை எங்கெங்கோ போகும். தன் கல்யாணத்துக்கு மாட்டு வண்டி கட்டிப் போனது, பஞ்சத்தில் ஊர் விட்டு ஊர் வந்தது, செத்துப்போன மூத்த மகனின் பெயர் எல்லாம் வரும். பல வருஷங்கள் கழித்து ஸ்டூடியோவைத் தேடிவந்து, “எங்க ஐயா பேசுன டேப்பு இருக்காண்ணே?” என்று கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். மணமேடைக் காட்சியைக் கேட்டு அப்படி ஒருவரும் வந்ததில்லை.

ஒவ்வொரு பெரியவரும் உட்காருவதற்கு முன்னால் அண்ணன் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்பார்: “கட்டை மாத்தியாச்சா?” பென்சில் பேட்டரி, ஒன்பது வோல்ட் சதுர பேட்டரி எல்லாமே அவருக்குக் கட்டைதான்.

“நேத்து ரிசப்ஷனுக்குப் போட்டதுண்ணே. இன்னும் பவர் இருக்கு.”

“நேத்துப் போட்டது நேத்தோட சரி. புதுசு போடு. பெரியவர் ஒரு தடவதான் மனசுவிட்டுப் பேசுவாரு. ரெண்டாந்தடவ கேட்டா ஒப்பிப்பாரு.”

என் தொழிலைப் பற்றி இதைவிட உண்மையான ஒன்றை இன்றுவரை நான் கேட்டதில்லை. ஒருவரை வாய்திறந்து பேசவைத்துவிட்டு, “சாரிங்க, மைக் வேலை செய்யல, இன்னொரு தடவை சொல்லுங்க” என்று கேட்க நேர்ந்தால் அவர் சொல்வார். ஆனால் அது வேறொரு பேச்சாக இருக்கும். குரலுக்குக் காட்டும் மரியாதை மைக்குக்கு மின்சாரம் கொடுப்பதிலிருந்து தொடங்குகிறது.

அண்ணனின் கறாருக்குப் பின்னால் இருந்த காரணம், மின்சாரம் எந்தெந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று தெரிந்தபிறகுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

மேடையில் கையில் பிடித்துப் பேசும் டைனமிக் மைக்குக்கு நாம் மின்சாரம் எதுவும் தர வேண்டியதில்லை. குரல் பட்டுச் சவ்வு அதிர்கிறது. சவ்வோடு ஒட்டிய கம்பிச் சுருள் காந்தத்தின் நடுவே அசைகிறது. அந்த அசைவிலேயே மின்சாரம் பிறக்கிறது. உலகமெங்கும் பாடகர்கள் பிடித்திருக்கும் ஷூர் எஸ்எம் 58 இந்த வகைதான். 1966இல் வந்தது, இன்றும் விற்கிறது. நம்மூர் அரசியல் மேடைகளிலும் கோயில் திருவிழாக்களிலும் நிற்கும் அஹூஜா மைக்குகள் பலவும் இதே வகை. மழை, தூசி, கைதவறல் எல்லாவற்றையும் தாங்கும். செய்தியாளர்கள் இதைக் கைவிடாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

காலர் மைக் அப்படியல்ல. அது கண்டென்சர் ரகம். அதற்குள் ஒரு மெல்லிய சவ்வும் பின்னால் ஒரு தகடும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. அங்கே மின்னூட்டம் இருந்தால்தான் சவ்வின் அசைவு மின்னழுத்த மாற்றமாக வெளியே வரும். பழைய ஸ்டூடியோ மைக்குகளுக்கு அந்த மின்னூட்டத்தை வெளியிலிருந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. 1962இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இருவர் மெல்லிய பிளாஸ்டிக் படலத்திலேயே மின்னூட்டத்தை நிலையாகத் தங்கவைக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் எலெக்ட்ரெட் மைக். சட்டைப் பொத்தானைவிடச் சிறிய மைக் வந்தது இதனால்தான். கைபேசிகளுக்குள்ளும் வெகுகாலம் அதுவே இருந்தது.

மின்னூட்டம் படலத்திலேயே தங்கிவிட்டதால் எலெக்ட்ரெட் மைக்குக்கு மின்சாரம் வேண்டாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டும். சவ்விலிருந்து வரும் சைகை மிக மெலிது. அதை ஒரு கம்பியில் அனுப்பும் அளவுக்கு ஆக்க மைக்கின் தலைக்குள்ளேயே ஒரு சிறு டிரான்சிஸ்டர் இருக்கிறது. அந்த டிரான்சிஸ்டருக்குச் சில வோல்ட் தேவை. அதைத் தருவது இடுப்பில் மாட்டிய டிரான்ஸ்மிட்டர். ஒலி இறங்கிவரும் அதே மெல்லிய கம்பியில் மின்சாரம் மேலே ஏறிப்போகிறது.

ஆக, பெரியவரின் சட்டையிலிருந்து கேமராவின் டேப் வரை நான்கு இடங்களைக் கவனித்தாக வேண்டும். மைக்கின் தலைக்கு டிரான்ஸ்மிட்டரிலிருந்து வோல்ட் வர வேண்டும். டிரான்ஸ்மிட்டருக்குத் தன் பேட்டரி வேண்டும். ரிசீவருக்கு இன்னொரு பேட்டரி வேண்டும். கடைசியில் கேமராவின் மைக் துளை. அங்கே பல நேரம் மின்சாரத்தைக் கொடுப்பதைவிட நிறுத்துவதுதான் முக்கியம்.

இந்த முதல் இடத்திலேயே தடுக்கி விழுந்த படப்பிடிப்புகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு கம்பெனியின் காலர் மைக்கை இன்னொரு கம்பெனியின் டிரான்ஸ்மிட்டரில் செருகுவார்கள். 3.5 மில்லிமீட்டர் ஜாக் அழகாக உள்ளே போய் உட்காரும்; ஆனால் ஒலி வராது, அல்லது இரைச்சலோடு மெலிதாக வரும். கம்பிகளை ஜாக்கின் எந்த வளையத்தில் இணைப்பது என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வழக்கம் மாறுகிறது. ஷூர் போன்றவர்கள் ஜாக்கையே விட்டுவிட்டு நான்கு முள் உள்ள சின்ன இணைப்பானை வைத்தார்கள். அதில் வோல்ட்டுக்கு ஒரு முள், ஒலிக்கு ஒரு முள் என்று தனித்தனி. ஜாக் உள்ளே போய்விட்டது என்பதால் மைக்குக்கு வோல்ட் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

டிரான்ஸ்மிட்டரின் பேட்டரி தனிக் கதை. சதுரமான ஒன்பது வோல்ட் பேட்டரியைப் பிரித்தால் உள்ளே ஆறு சிறிய ஒன்றரை வோல்ட் செல்கள் இருக்கும். ஆறும் சேர்ந்தாலும் அது தாங்கும் அளவு சுமார் 500 மில்லி ஆம்பியர் மணிதான். ஒற்றை அல்கலைன் பென்சில் பேட்டரி 2,000க்கு மேல் தாங்கும். பின்னால் வந்த டிரான்ஸ்மிட்டர்கள் சதுர பேட்டரியை விட்டு இரண்டு பென்சில் பேட்டரிக்கு மாறியதில் வியப்பில்லை. இரண்டு பென்சில் பேட்டரியின் மூன்று வோல்ட்டை உள்ளே ஒரு சுற்று தேவையான அளவுக்கு உயர்த்திச் சீராகக் கொடுக்கும். ஒலி கடைசிவரை மாறாது என்பது இதன் நன்மை. ஆபத்தும் அதுவே. பேட்டரியின் வோல்ட் இறங்க இறங்க அந்தச் சுற்று அதிக ஆம்பியரை உறிஞ்சும். உறிஞ்ச உறிஞ்ச வோல்ட் இன்னும் வேகமாக இறங்கும். காதில் எந்த அறிகுறியும் இல்லாமல் ஒரு கணத்தில் எல்லாம் நின்றுவிடும். அதுவும் விலை குறைந்த துத்தநாக-கார்பன் கட்டை என்றால் டிரான்ஸ்மிட்டர் கேட்கும் ஆம்பியரை அதனால் வெகுநேரம் கொடுக்கவே முடியாது. சுவர்க் கடிகாரத்தில் வருஷக்கணக்கில் ஓடும் கட்டை டிரான்ஸ்மிட்டரில் ஒரு பேட்டி முடிவதற்குள் தளர்ந்துபோகும்.

பேசுபவரை நோக்கி நீட்டும் நீளமான கன் மைக்குக்குள் போடும் பேட்டரி இப்படித் திடீரென்று கைவிடாது. ஒலி மெலியும், இரைச்சல் கூடும், பெரிய சத்தத்தில் குரல் உடையும். ஹெட்போனில் கவனமாகக் கேட்பவர் முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம். டிரான்ஸ்மிட்டரில் காதை நம்பி இருக்க முடியாது, கணக்கை நம்பித்தான் இருக்க வேண்டும். “புதுசு போடு” என்று அண்ணன் சொன்னது இந்தக் கணக்கைத்தான்.

2000ஆம் ஆண்டில் சோனியின் பிடி 150, மூன்று வருஷத்தில் பிடி 170 வந்தபோது எங்கள் உலகம் மாறியது. கைக்கு அடக்கமான கேமராவில் மூன்று முள் எக்ஸ்எல்ஆர் துளைகள் இரண்டு. பக்கத்தில் ‘48 வோல்ட்’ என்று எழுதிய சுவிட்சுகள். செய்தித் தொலைக்காட்சி, ஆவணப்படம், வசதியான கல்யாணம் என்று எங்கும் அந்தக் கேமராதான். 48 வோல்ட் ஏன் என்று அப்போது எங்களுக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தக் கதை நார்வேயில் நடக்கிறது. 1966இல் ஜெர்மனியின் நாய்மன் கம்பெனி, டிரான்சிஸ்டர் வைத்த புதிய கண்டென்சர் மைக்குகளை நார்வே ஒலிபரப்பு நிறுவனத்துக்காகச் செய்தது. பழைய வால்வு மைக்குகளைப்போல ஒவ்வொன்றுக்கும் ஒரு பவர் பெட்டியும் தடித்த தனிக் கேபிளும் இழுக்கக் கூடாது என்பது வாங்குபவர்களின் விருப்பம். அந்த ஸ்டூடியோவில் அவசர விளக்குகளுக்காக ஏற்கெனவே 48 வோல்ட் நேர்மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதையே மைக்குக்கும் எடுத்துக்கொண்டார்கள். குளிர்காலத்தில் பகலும் இருண்டு கிடக்கும் ஒரு நாட்டின் விளக்குக்காக வைத்த வோல்ட், பின்னால் உலகத்துக்கே தரமாகிவிட்டது.

அதன் அமைப்பில் இருக்கும் அறிவை நினைத்தால் இன்றும் எனக்கு மகிழ்ச்சி பொங்கும். எக்ஸ்எல்ஆரின் இரண்டாவது, மூன்றாவது முள்ளில் ஒலி ஓடுகிறது. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். 48 வோல்ட்டை இரண்டு முள்ளிலும் சமமாக வைக்கிறார்கள். மின்சாரம் முதல் முள்ளின் வழியாகத் திரும்பி வருகிறது. கேமரா பார்ப்பது இரண்டு முள்ளுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும். இரண்டிலும் ஒரே வோல்ட் என்பதால் மின்சாரம் அதன் கண்ணில் படுவதே இல்லை. டைனமிக் மைக்கைச் செருகினாலும் சுருளின் இரு முனையிலும் ஒரே வோல்ட். எனவே சுருளில் மின்சாரம் ஓடாது, மைக் கெடாது. இந்தக் கண்ணுக்குப் படாத தன்மையால்தான் இதை ‘பாண்டம்’ என்கிறார்கள்.

48 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் மைக்குக்குப் போய்ச் சேருவது அவ்வளவு இல்லை. ஒவ்வொரு முள்ளுக்கும் 6.8 கிலோ ஓம் தடை ஒன்று வைத்திருக்கிறார்கள். சென்ஹைசரின் எம்கேஹெச் 416 போன்ற கன் மைக் 2 மில்லி ஆம்பியர் எடுக்கும். ஒவ்வொரு தடையிலும் 1 மில்லி ஆம்பியர், 6.8 வோல்ட் அங்கேயே போய்விடும். மைக்குக்குக் கிடைப்பது சுமார் 41 வோல்ட். அதற்கேற்பவே மைக்கை வடிவமைத்திருக்கிறார்கள். ஆனால் மூலத்திலேயே 48க்குப் பதில் 30 வோல்ட்தான் வருகிறது என்றால் மைக் திணறும். மல்டிமீட்டரில் முதல் முள்ளுக்கும் இரண்டாவதுக்கும், முதல் முள்ளுக்கும் மூன்றாவதுக்கும் அளந்து பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். இரண்டும் 48க்கு நாலு கூடவோ குறையவோ, ஒன்றுக்கொன்று சமமாகவும் இருக்க வேண்டும். வாடகைக் கேமரா கைக்கு வந்ததும் லென்ஸைத் துடைப்பதற்கு முன்னால் நான் செய்வது இதுதான்.

ஆனால் அந்தத் துளையில் கார்ட்லெஸ் ரிசீவரைச் செருகும்போது 48 வோல்ட் நிற்க வேண்டும். ரிசீவர் மைக் அல்ல. அது பேட்டரியில் தானே ஓடுகிறது. அதன் வெளியீட்டுக்குப் பின்னாலிருந்து வோல்ட் தேவையில்லை. சில ரிசீவர்கள் அதைத் தாங்கிக்கொள்ளும், சில இரையும், சில கெட்டுப்போகும். ஒரு மாவட்டத் தலைநகரில் வாடகைக்கு எடுத்த கேமராவோடு போயிருந்தோம். முந்தைய நாள் யாரோ கன் மைக் போட்டுவிட்டு சுவிட்சை அப்படியே விட்டிருந்தார்கள். ஹெட்போனில் பேசுபவரின் குரலுக்கு அடியில் கரகரப்பு. உடன் வந்த பையன் ரிசீவரின் ஆன்டெனாவைத் திருப்பினான், அலைவரிசையை மாற்றினான். சுவிட்சை அணைத்ததும் ஒலி தெளிந்தது. அலைவரிசையிலேயே தேடிக்கொண்டிருந்தால் அன்றைய பேட்டி போயிருக்கும். ஒலியில் கோளாறு என்றால் முதலில் மின்சாரத்தைப் பார், பிறகு காற்றைப் பார் என்பதைப் பிறகு வந்த எல்லா உதவியாளர்களுக்கும் சொல்லிவந்திருக்கிறேன்.

கன் மைக்கையே கம்பியில்லாமல் ஆக்கும் ஒரு சின்னக் கருவி உண்டு. மைக்கின் வாலில் நேராகச் செருகும் டிரான்ஸ்மிட்டர். நாங்கள் அதைக் குட்டி டிரான்ஸ்மிட்டர் என்போம். பூம் கம்பு பிடிப்பவர் கேபிள் இழுக்காமல் ஓடலாம். ஆனால் அந்த வகையில் எல்லாமே 48 வோல்ட் தருவதில்லை. இரண்டு பென்சில் பேட்டரியின் மூன்று வோல்ட்டை 48ஆக உயர்த்துவது பேட்டரியைக் கரைக்கும் வேலை. விலை குறைந்த மாடல்களில் டைனமிக் மைக்குக்கு மட்டும் என்று விட்டுவிடுவார்கள். அப்படிப்பட்டதில் கன் மைக்கை ஓட்ட இரண்டு வழி. தன் வயிற்றிலேயே பேட்டரி போட்டுக்கொள்ளும் கன் மைக் ஒன்று. சென்ஹைசரின் கே6 வரிசை, ரோடின் என்டிஜி 2 போன்றவற்றில் ஒரு பென்சில் பேட்டரி போட்டால் பாண்டம் இல்லாமலே ஓடும். நூறு மணி நேரத்துக்கு மேல் தாங்கும் என்பதால் அதை மறந்துபோகும் அபாயமும் உண்டு. பேட்டரி போட்ட தேதியை ஒரு ஒட்டுத் தாளில் எழுதி மைக்கின் மேலேயே ஒட்டிவைப்பது என் பழக்கம். இன்னொரு வழி நடுவே பேட்டரியில் ஓடும் பாண்டம் பெட்டி. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை கடையாக ஏறி அப்படி ஒன்று வாங்கினேன். அதிலிருந்து வருவது 48 வோல்ட்டா, 18 வோல்ட்டா என்று கடையிலேயே மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் காசு கொடுத்தேன். சில மைக்குகள் 12 வோல்ட்டிலும் முனகாமல் ஓடும். சிலவற்றுக்கு முழு 48 வேண்டும். அந்தந்த மைக்கின் தாளில் எழுதியிருப்பதை நம்ப வேண்டுமே தவிர, கடைக்காரர் வாக்கை அல்ல.

இந்த அறிவெல்லாம் ஒரே இரவில் சோதனைக்கு வந்தது செய்யாறு பக்கம் ஒரு திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவில். ஆவணப்படம் ஒன்றுக்காகக் கர்ண மோட்சம் கூத்தை முழுதாகப் பதிவு செய்யப் போயிருந்தோம். கூத்து இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை போகும். கர்ணன் வேஷக்காரரின் குரலைத் தனியாக எடுக்க வேண்டும் என்பது இயக்குநரின் ஆசை. மத்தளமும் முகவீணையும் ஆர்மோனியமும் பின்னால் ஒலிக்க, அவர் குரல் மட்டும் நெருக்கத்தில் வேண்டும்.

வேஷம் கட்டும் கொட்டகையில் கூத்து வாத்தியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். டிரான்ஸ்மிட்டரைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

“கர்ணன் உயிரு விடறது விடியக்காலத்துல தம்பி. அதுவரைக்கும் உன் மைக்கு உயிரோட இருக்குமா?”

எந்தப் பொறியாளரும் இவ்வளவு சரியாகக் கேட்க முடியாது. புதிய பேட்டரியில் அந்த டிரான்ஸ்மிட்டர் ஏழெட்டு மணி நேரம் தாங்கும். வேஷம் கட்டுவது எட்டு மணிக்கே தொடங்குகிறது. கட்டி முடித்தபிறகு மைக்கை உள்ளே நுழைக்க முடியாது. எட்டிலிருந்து விடியும்வரை பத்து மணி நேரம் ஆகிவிடும். நடுவே மாற்றித்தான் ஆக வேண்டும். எங்கே மாற்றுவது? வாத்தியாரிடம் கதையின் ஓட்டத்தைக் கேட்டுக்கொண்டேன். கர்ணன் திரைக்குப் பின்னால் வரும் இடங்கள் எவை, கட்டியங்காரன் சபையைச் சிரிக்கவைத்துக்கொண்டிருக்கும் நேரம் எது, மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் கட்டம் எப்போது, போர்க்களம் எப்போது. பொன்னுருவி கட்டத்துக்கு முன்னால் ஒரு தடவை, போருக்குப் போகும் முன்னால் இன்னொரு தடவை என்று இருவரும் பேசி முடிவு செய்தோம். மின்சாரக் கணக்குப் போட பாரதக் கதை தெரிந்திருக்க வேண்டும் என்று அன்றுதான் உணர்ந்தேன்.

மைக்கை மார்பில் வைக்க முடியாது. மரத்தில் செதுக்கிக் கண்ணாடி பதித்த மார்புப் பதக்கம் ஒவ்வொரு அடிக்கும் இடிக்கும். கிரீடத்தின் முன் விளிம்பில், நெற்றிக்கு மேலே, வியர்வை நேராக வடியாத இடமாகப் பார்த்து வைத்தோம். வியர்வையின் உப்பு கண்டென்சர் மைக்குக்குப் பகை; ஈரம் புகுந்தால் மின்னூட்டம் கசிந்து பொரியத் தொடங்கும். டிரான்ஸ்மிட்டரை மெல்லிய ரப்பர் உறையில் போட்டு முதுகின் அடியில், பாவாடை முடிச்சுக்குச் சற்று மேலே, பேட்டரி மூடி வெளிப்பக்கம் திறக்கும்படி கட்டினோம். உடையை அவிழ்க்காமல் கை விட்டு மாற்ற வேண்டும் என்பதற்காக வேஷம் கட்டுபவர் ஒரு முடிச்சையே இடம் மாற்றிப் போட்டுக்கொடுத்தார்.

விழாவில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. குழல்விளக்குகளும் ஒலிபெருக்கியும் அதில்தான். கேமராவுக்கு அதிலிருந்து ஒரு வயர் இழுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நன்றி சொல்லி மறுத்துவிட்டோம். ஜெனரேட்டரின் உறுமல் அடாப்டர் வழியாக ஒலியில் ஏறிக்கொள்ளும். கேமரா, ரிசீவர் இரண்டும் பேட்டரியில் ஓடினால் அந்தக் கவலை இல்லை. ரிசீவரின் பேட்டரியையும் டிரான்ஸ்மிட்டரின் பேட்டரியை மாற்றும் அதே நேரத்தில் மாற்றினோம். ஒன்றை மாற்றி இன்னொன்றை மறப்பதற்கு இடமே வைக்கக் கூடாது.

கிருஷ்ணன் கிழப் பிராமணனாக வந்து கர்ணனின் புண்ணியத்தையெல்லாம் தானமாகக் கேட்கும் கட்டம் வந்தபோது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. இரவெல்லாம் பாடிக் கம்மிப்போன குரலில் கர்ணன் “எடுத்துக்கொள்” என்றார். அந்த மூச்சு, தொண்டையின் பிசிறு, கிரீடத்தின் கண்ணாடிகள் மெல்ல உரசும் ஓசை எல்லாம் ஹெட்போனில் தெளிவாக வந்தன. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் அழுதார்கள். நானும் அழுதேன். அந்தக் குரலை மறுநாள் மாலை கொட்டகைக்கு வெளியே உட்காரவைத்துத் திரும்பப் பாடச் சொல்லி எடுத்திருக்க முடியாது. பத்து மணி நேரத்தின் சோர்வும் அந்தக் குரலில் ஒரு பாகம்.

பேட்டரிச் செலவு அப்போது பெரிய விஷயம். மாதக்கடைசியில் குப்பைக்குப் போகும் பேட்டரிகளைப் பார்த்தால் மனம் உறுத்தும். சார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிக்கு மாற முயன்றவர்கள் முதலில் சலித்துக்கொண்டார்கள். அதற்குக் காரணம் இருந்தது. அவை 1.5 அல்ல, 1.2 வோல்ட். அல்கலைன் பேட்டரிக்காக அளவு வைத்த டிரான்ஸ்மிட்டரின் காட்டி, முழுச் சார்ஜ் ஏறியதையும் பாதி தீர்ந்ததாகக் காட்டும். பிறகு வெகுநேரம் அதே இடத்தில் நிற்கும். கடைசியில் திடீரென்று விழும். அலமாரியில் சும்மா வைத்திருந்தாலே சில வாரங்களில் சார்ஜ் இறங்கிவிடும். 2005இல் ஜப்பானின் சான்யோ கம்பெனி எனலூப் கொண்டுவந்தபிறகு அந்தக் கடைசிக் குறை தீர்ந்தது. சார்ஜ் ஏற்றி மாதக்கணக்கில் வைத்தாலும் தங்கியது. புதிய டிரான்ஸ்மிட்டர்களில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் வசதியும் வந்தது. அதைச் சரியாக வைத்தால் காட்டி சொல்வதை நம்பலாம். நான் ஜோடி ஜோடியாக எண் எழுதி, ஒரு ஜோடியைப் பிரிக்காமல் பயன்படுத்துகிறேன். ஒன்று தளர்ந்து ஒன்று திடமாக இருக்கும் ஜோடியில் தளர்ந்ததுதான் தீர்மானிக்கும்.

பிறகு 2008இல் கேனன் 5டி மார்க் 2 வந்தது. படம் எடுக்கும் அழகில் எல்லோரும் மயங்கினோம். ஒலியில் அது பின்னுக்குப் போன காலம். எக்ஸ்எல்ஆர் இல்லை, 3.5 மில்லிமீட்டர் துளை ஒன்றுதான். அந்தத் துளை சிறு எலெக்ட்ரெட் மைக்குக்கு வேண்டிய சில வோல்ட்டைத் தரும்; 48 தராது. ஒலியளவைக் கையால் வைக்கும் வசதி 2010இல் வந்த மென்பொருளில்தான் கிடைத்தது. அதுவரை பேசுபவர் மௌனமாகும்போதெல்லாம் கேமரா தானாகவே ஒலியை ஏற்றி இரைச்சலை வெளியே கொண்டுவரும். அந்த வசதி வந்தபிறகு நாங்கள் ரிசீவரின் வெளியீட்டை நன்றாக உயர்த்தி, கேமராவின் பெருக்கத்தைக் கடைசிக்குக் குறைத்து ஓட்டினோம். பேட்டரியில் சுத்தமாக ஓடும் ரிசீவரே பெரும்பகுதி வேலையைச் செய்தால் கேமராவின் இரைச்சல் தலைதூக்காது.

2019இல் ரோட் வயர்லெஸ் கோ வந்தது. தீப்பெட்டிக்குச் சற்றுப் பெரிய டிரான்ஸ்மிட்டர், அதிலேயே மைக், உள்ளேயே லித்தியம் பேட்டரி. சட்டையில் குத்தினால் முடிந்தது. ஏழு மணி நேரம் ஓடும். அதைப் பின்தொடர்ந்து வந்தவற்றில் பல டிரான்ஸ்மிட்டருக்குள்ளேயே பதிவும் செய்கின்றன. காற்றில் அலை அறுந்தாலும் குரல் பிழைத்துவிடும். கிராமத்தில் யூடியூப் நடத்தும் இளைஞர்கள் கையில்கூட இன்று இது இருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். பேட்டரியைக் கழற்றி மாற்ற முடியாது. விடிய விடிய நடக்கும் கூத்தில் நடுவே கட்டை மாற்றியதுபோல இதில் முடியாது. சிறு பவர் பேங்கை வயரோடு இடுப்பில் கட்ட வேண்டும், அல்லது இரண்டாவது டிரான்ஸ்மிட்டரைத் தயாராக வைத்திருக்க வேண்டும். சில வருஷத்தில் உள்ளே இருக்கும் பேட்டரி தளர்ந்தால் நல்ல மைக்கும் நல்ல டிரான்ஸ்மிட்டரும் அதோடு போகின்றன. பென்சில் பேட்டரி போடும் என் பழைய டிரான்ஸ்மிட்டர் இன்னும் ஓடுகிறது. மாற்றக்கூடிய பேட்டரி என்பது செய்பவர்கள் விட்டுவிடக் கூடாத வசதி என்பது என் உறுதியான எண்ணம்.

இளைஞர்கள் என்னிடம் எந்த மைக் வாங்கலாம் என்று கேட்கிறார்கள். கையில் இருப்பதே போதும் என்றுதான் சொல்கிறேன். அதற்கு எத்தனை வோல்ட் வேண்டும், அதை யார் தருகிறார்கள், எத்தனை மணி நேரம் தருகிறார்கள் என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்துகொள்ளுங்கள். முந்தின இரவே சார்ஜ் ஏற்றுங்கள். மாற்று பேட்டரியை உறையிலிருந்து பிரித்துச் சட்டைப்பையில் வையுங்கள். கேமராவில் வேண்டாத வோல்ட்டை அணையுங்கள். ஹெட்போனைக் காதிலிருந்து எடுக்காதீர்கள். பிறகு இந்த வாரமே உங்கள் அப்பத்தாவையோ தாத்தாவையோ உட்காரவைத்து, விசிறியை நிறுத்திவிட்டு, அவர்கள் பிறந்த ஊரைப் பற்றிக் கேளுங்கள். இடையில் நிறுத்தாமல் அவர்கள் பேசி முடிக்கட்டும். நம் பக்கத்து வேலையை முன்னாலேயே முடித்துவிட்டால் அவர்களை ஒருமுறைக்கு மேல் சிரமப்படுத்த வேண்டியதில்லை.